அவனியாபுரத்துப் பயந்த மெக்கானிக்

முகமது ஆசிப்பைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை நான் பார்த்ததில்லை. என் உதிரி பாகக் கடைக்கும் அவன் பட்டறைக்கும் நடுவில் ஒரு தகரத் தடுப்புதான். இந்தப் பக்கம் நான் பேரிங்கும் பெல்ட்டும் விற்கிறேன். அந்தப் பக்கம் அவன் ஜீப்புக்கு அடியில் படுத்துக்கொண்டு பயப்படுகிறான். பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டி வைத்திருப்பவர்கள் தேனியிலிருந்துகூட அவனைத் தேடி அவனியாபுரத்துக்கு வருவார்கள். வந்தவர்களுக்கு முதலில் கண்ணில் படுவது அவன் பயம்தான்.

வண்டியை ஜாக்கியில் தூக்குவான். அடியில் மரக்கட்டை வைப்பான். கட்டைக்குப் பக்கத்தில் ஒரு பழைய டயர். சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கருங்கல். பிறகு தோளைக் கொடுத்து வண்டியை ஆட்டிப் பார்ப்பான். பிஸ்மில்லாஹ் சொல்லிப் படுத்து உள்ளே போவான். போன வேகத்தில் வெளியே வந்து ஹேண்ட் பிரேக் போட்டிருக்கிறதா என்று பார்ப்பான். அதற்குள் எனக்கு ஒரு டீயே ஆறிப்போயிருக்கும்.

"ஏன் மாப்ள, பேசாம நிக்காஹ்லயே இப்படிச் சோதிச்சுப் பாத்திருக்கலாம்ல?" என்பேன்.

"அங்கயும் பாத்தேன். அவளுக்குத்தான் பயமில்ல," என்பான்.

உண்மைதான். அவன் மனைவி நாஸியா ஸ்கூட்டர் ஓட்ட, இவன் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு பின்னால் உட்கார்ந்து வில்லாபுரத்திலிருந்து கோரிப்பாளையத்துக்கு மாமியார் வீட்டுக்குப் போவதை ஊரே பார்த்திருக்கிறது. பொங்கலுக்கு ஊரில் காளை இறங்கும் அன்று காலையிலேயே பட்டறையைப் பூட்டிவிட்டு அதே மாமியார் வீட்டில் போய்ப் பதுங்கிக்கொள்வான். டிவியில்கூடப் பார்க்க மாட்டான்.

நான் கிண்டல் செய்கிறவன்தான். ஆனால் காரணம் தெரிந்த பிறகு கொஞ்சம் குறைத்துக்கொண்டேன். சின்ன வயதில் ஒரு பட்டறையில் இவனும் பரீத் என்ற சிநேகிதனும் வேலை பார்த்தார்கள். மழை பெய்து தரை ஊறிக் கிடந்த ஒரு நாள், ஜாக்கி மண்ணுக்குள் இறங்கிவிட்டது. இவன் டீ வாங்கப் போயிருந்தான். தூக்குச்சட்டியோடு திரும்பி வந்தபோது பரீத்தின் செருப்பு மட்டும்தான் வண்டிக்கு வெளியே தெரிந்ததாம். இதை ஒரே ஒரு தடவை சொன்னான்.

இந்தக் கதை போன மார்கழியில் நடந்தது. ஸ்டீபனின் பச்சை ஜீப் பட்டறைக்கு வந்தது.

ஸ்டீபன் வில்லாபுரத்தில் ஆசிப் வீட்டுக்கு அடுத்த தெரு. பள்ளிக்கூட அலுவலகத்தில் கிளார்க். அவன் மனைவி எஸ்தர் சிறுமலை மேலே ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். திங்கட்கிழமை மனைவியை மலையில் ஏற்றிவிட்டு, வெள்ளிக்கிழமை போய் அழைத்து வருவதற்காகவே அந்தப் பழைய ஜீப்பைக் கட்டி அழுதுகொண்டிருந்தான். கிறிஸ்துமஸ் நெருங்கிவிட்டது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குத் துணியும் கேக்கும் ஏற்றிக்கொண்டு மறுநாள் விடிந்ததும் கிளம்ப வேண்டும். இந்த முறை அவன் அம்மா பிலோமினாளும் கூட வருகிறார்.

"கிளட்ச் வழுக்குது பாய்," என்றான் ஸ்டீபன். "ஆக்சிலேட்டர மிதிச்சா இன்ஜின் மட்டும் கத்துது, வண்டி நகர மாட்டேங்குது. கோரிப்பாளையம் சிக்னல்ல அம்புட்டுப் பேரும் ஹாரன் அடிச்சு அவமானமாப் போச்சு. பிளேட்டு தேஞ்சிருச்சா?"

"பிரேக்கு எப்படி?"

"பிரேக்கெல்லாம் சூப்பர் பாய். முன்ன மாதிரி பெடல் கீழ இறங்குறதே இல்ல. கால வச்சாக் கல்லு மாதிரி நிக்குது."

இந்தப் பதிலை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் வைத்துக்கொள்ளவில்லை.

கிளட்ச் வழுக்கினால் எல்லா மெக்கானிக்கும் உடனே கியர்பாக்ஸை இறக்கச் சொல்வார்கள். ஆசிப் அவசரப்பட மாட்டான். ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் பிடித்து, டாப் கியர் போட்டு, கிளட்சிலிருந்து காலை எடுத்தான். அந்த நிலையில் இன்ஜின் திணறி நின்றுவிட வேண்டும். நிற்கவில்லை, அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. வழுக்கல் நிஜம்தான்.

அடுத்து கீழே போய், கிளட்ச் சிலிண்டரில் காற்று எடுக்கும் நிப்பிளைத் திறந்தான். பெடலில் யாரும் கால் வைக்கவில்லை. ஆனாலும் ஆயில் சர்ரென்று பீய்ச்சி அடித்தது. அதை ஒரு பாதி வெட்டிய தண்ணீர் பாட்டிலில் பிடித்துச் சுவரோரம் வைத்தான். நிப்பிளை மூடிவிட்டு மறுபடி டாப் கியர் போட்டுக் காலை எடுத்ததும் இன்ஜின் பொட்டென்று நின்றது.

"பிளேட்டு நல்லா இருக்கு," என்றான். "நீங்க கால எடுத்தாலும் மேல மாஸ்டர் சிலிண்டர் ஆயில விட மாட்டேங்குது. யாரோ பாதி மிதிச்ச மாதிரியே நிக்குது. உள்ள ரப்பர் ஊதியிருக்கும்."

மாஸ்டர் சிலிண்டரைப் பிரித்தான். ரப்பர் ஊதித்தான் இருந்தது. தொட்டால் பிசுபிசுவென்று கையோடு வந்தது. அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அந்த மகராசன் நேராக என்னைப் பார்த்தான்.

"ஆறு மாசம் முன்னதான மாப்ள மாத்துனோம்? உன் கடை ரப்பர்தான இது?"

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. ஊரில் ஆயிரம் பேர் டூப்ளிகேட் விற்கிறார்கள். நான் விற்றதில்லை. இன்றைக்கும் சொல்கிறேன், என் ரப்பர் நல்ல ரப்பர். ஸ்டீபன் முன்னால் வைத்து என்னைக் கேட்டுவிட்டானே என்று கத்தினேன். அவனும் கத்தினான். நான் கடைக்குள் போய் ஒரு புது ரப்பர் செட்டை எடுத்து வந்து அவன் முன்னால் வீசினேன். அவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அதை மாட்டினான். காற்று எடுத்தான். தெருவில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தான். கிளட்ச் கச்சிதமாகப் பிடித்தது. பொழுது சாயும்போது ஸ்டீபன் வண்டியை எடுத்துக்கொண்டு போனான். சண்டை போட்ட மும்முரத்தில் அந்த ரப்பர் ஏன் ஊதியது என்று நாங்கள் இரண்டு பேரும் யோசிக்கவே இல்லை.

மறுநாள் காலை நான் கோபம் தணியாமலே பட்டறைக்குள் போனேன். ஊதிப்போன ரப்பரைக் கம்பெனிக்காரனுக்கு அனுப்பி விளக்கம் கேட்க வேண்டும், பிறகு அந்த விளக்கத்தை ஆசிப்பின் மூஞ்சியில் ஒட்ட வேண்டும் என்பது என் திட்டம். சுவரோரம் ரப்பரைத் தேடியபோது அந்த வெட்டிய பாட்டில் கண்ணில் பட்டது. அடியில் ஆயில். ஆயிலுக்கு மேலே வெள்ளையாக ஏதோ ஏடு கட்டியிருந்தது.

மார்கழிக் குளிரில் எது அப்படி உறையும் என்று மதுரையில் தலைக்கு எண்ணெய் தேய்க்கிற யாருக்கும் தெரியும். விரலால் எடுத்து மோந்தேன். தேங்காய் எண்ணெய்.

"மாப்ள, இங்க வா. என் ரப்பரக் குறை சொன்னேல்ல? கிளட்ச் ஆயில்ல எவனோ தேங்கா எண்ணெய ஊத்தியிருக்கான் பாரு!"

நான் ஜெயித்த சந்தோஷத்தில் சொன்னேன். ஆசிப் பாட்டிலை வாங்கிப் பார்த்தான்.

"அந்த ஜீப்புல கிளட்சுக்கும் பிரேக்குக்கும் ஒரே ஆயில் டப்பா மாப்ள," என்றான்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. எண்ணெய் பட்டால் அந்த ரப்பர் ஊதும். கிளட்ச் ரப்பர் ஊதியிருந்தால் பிரேக் ரப்பரும் ஊதியிருக்கும். கல்லு மாதிரி நிற்கிறது என்று ஸ்டீபன் பெருமையாகச் சொன்னானே, அது நல்ல பிரேக் இல்லை. காலை எடுத்த பிறகும் சக்கரத்தை விடாமல் உரசிக்கொண்டிருக்கிற பிரேக். உரச உரசச் சூடேறும். சூடேறினால் ஆயில் கொதிக்கும். கொதித்துவிட்டால் பெடல் ஒரேயடியாகத் தரையோடு போய்விடும். அப்புறம் மிதிப்பதற்கு ஒன்றும் இருக்காது.

ஆசிப் ஸ்டீபனுக்குப் போன் போட்டான். சுவிட்ச் ஆஃப். நாஸியாவை அவர்கள் வீட்டுக்கு ஓடச் சொன்னான். வீடு பூட்டியிருந்தது. விடியும் முன்பே கிளம்பிவிட்டார்களாம்.

"வண்டிய எடு மாப்ள," என்றான்.

என் பைக்கில் ஏற அவனுக்கு ஒரு நாளும் மனசு வந்ததில்லை. அன்றைக்கு ஹெல்மெட்டைக்கூடத் தேடவில்லை. மாற்று ரப்பரையும் பிரேக் ஆயிலையும் ஒரு மஞ்சள் பையில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஏறி உட்கார்ந்தான். ரிங் ரோட்டைப் பிடித்துத் திண்டுக்கல் சாலைக்குப் போனோம். அவன் கை என் தோளை அழுத்திக்கொண்டே இருந்தது. சாதாரணமாக யார் வண்டியில் போனாலும் மெதுவாகப் போ, மெதுவாகப் போ என்று முதுகில் தட்டுவான். அன்று ஒரு லாரியை ஒட்டி நான் வேகத்தைக் குறைத்தபோது காதுக்குள் கத்தினான்.

"இன்னும் போ மாப்ள! இன்னும் போ!"

அதைக் கேட்டுத்தான் எனக்குப் பயம் வந்தது. ஆசிப்பே வேகமாகப் போகச் சொல்கிறான் என்றால் நிலைமை எந்த அளவுக்கு மோசம் என்று புரிந்தது. நெடுஞ்சாலை ஓரம் நிற்கிற ஒவ்வொரு வண்டியும் அந்தப் பச்சை ஜீப்பாக இருக்கக் கூடாதா என்று பார்த்துக்கொண்டே போனேன். சமவெளியில் பிரேக் போனால் உருட்டி எங்கேயாவது நிறுத்தலாம். மலையில் முடியாது.

மலையடிவாரச் சோதனைச் சாவடியில் நின்ற காவலரிடம் கேட்டோம். பச்சை ஜீப், ஒரு வயதான அம்மா, பின்னால் நிறைய அட்டைப் பெட்டி. மேலே போய்விட்டது என்றார்.

"போகும்போது ஏதாச்சும் வாடை வந்துச்சாண்ணே?" என்று கேட்டான் ஆசிப்.

"ஆமா, ஏதோ கருகுன மாதிரி. பழைய வண்டிதானன்னு விட்டுட்டேன்."

ஏறினோம். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் ஆசிப் எட்டிக் கீழே பார்த்தான். நான் பார்க்கவில்லை. எனக்குத் தைரியம் இல்லை. சாலையை மட்டும் பார்த்து ஓட்டினேன். பின்னாலிருந்து அவன், "இங்க இல்ல... இங்கயும் இல்ல," என்று ஒவ்வொரு வளைவுக்கும் சொல்லிக்கொண்டே வந்தான். இடையிடையே யா அல்லா என்பான். பரீத்தின் பெயரையும் ஒரு முறை சொன்னதாக எனக்குக் கேட்டது.

மேலே ஓரிடத்தில் சாலை சட்டென்று கீழே இறங்கி வளைகிறது. வளைவுக்கு அந்தப் பக்கம் ஒன்றும் இல்லை, மரங்களின் உச்சிதான் தெரியும். அங்கே கருகல் வாடை மூக்கில் ஏறியது. வளைவுக்கு முன்னாலேயே, மலைப் பக்கத்து மண் சரிவில் மூக்கைக் குத்திக்கொண்டு ஜீப் நின்றது. முன் சக்கரங்களில் புகை. அட்டைப் பெட்டிகள் சரிந்து, குட்டிக் குட்டிக் கவுன்கள் சாலையில் கிடந்தன. எஸ்தர் ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். ஸ்டீபன் தரையில் உட்கார்ந்திருந்தான். மூன்று பேரும் உயிரோடு இருந்தார்கள்.

"பிரேக்கு தரையோட போயிருச்சு பாய்," என்றான் ஸ்டீபன். "ஹேண்ட் பிரேக்கும் நிக்கல. லோ கியருக்கு மாத்தி ஃபர்ஸ்டத் திணிச்சேன். கிளட்ச் பிடிச்சு இன்ஜின் இழுத்து நிறுத்துச்சு. அப்படியே மண்ணுல கொண்டுபோய்ச் சொருகிட்டேன். நேத்து வரைக்கும் இருந்த கிளட்சா இருந்திருந்தா வழுக்கிக்கிட்டே போயிருக்கும் பாய். நேராப் போயிருப்போம்."

வேறு எந்த மெக்கானிக்காக இருந்தாலும் இந்த வார்த்தையைப் பட்டறை வாசலில் போர்டாக எழுதி மாட்டியிருப்பான். ஆசிப் சாலையோரம் போய்க் குத்தவைத்து வாந்தி எடுத்தான்.

அவன் வாயைக் கொப்பளித்துக்கொண்டிருந்தபோது, ஓரமாக நின்ற பிலோமினாள் அம்மா ஜீப்பின் முன்பக்கம் போனார். சூடு தணியட்டும் என்று ஸ்டீபன் பானட்டைத் திறந்து வைத்திருந்தான். அந்த அம்மா கைப்பையிலிருந்து ஒரு சின்ன பாட்டிலை எடுத்தார். நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். பிரேக் ஆயில் டப்பாவின் மூடியைத் திருகினார்.

"அம்மா!"

ஆசிப் அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை. அந்த அம்மா பாட்டிலோடு அப்படியே நின்றார்.

"என்னா பாய்? மாதா எண்ணெய்தான். திருவிழாவுல மந்திரிச்சு வாங்குனது. எம்புட்டுப் பெரிய ஆபத்துலருந்து காப்பாத்தியிருக்கா. நன்றிக்கு ஒரு சொட்டு விடுறேன்."

"இதுக்கு முன்னயும் விட்டீங்களாம்மா?"

"ஒவ்வொரு தடவ மலைக்குக் கிளம்புறப்பவும் விடுவேன். இவன்ட்டத்தான் கேட்டேன், வண்டியில உசுரு எதுல இருக்குன்னு. இந்த டப்பாவத்தான் காட்டுனான்."

ஸ்டீபனுக்கே மறந்துபோன பேச்சு அது. போனை ஏன் அணைத்து வைத்தீர்கள் என்று நான் கேட்டேன். ஓட்டும்போது பேசினால் கை தவறிவிடும் என்று அந்த அம்மாதான் அதை வாங்கி அணைத்துக் கைப்பையில் வைத்திருந்தார்.

சொல்ல வேண்டாம் என்று எனக்கு ஒரு கணம் தோன்றியது. வண்டி பழசும்மா என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் முடித்தால் அடுத்த திங்கட்கிழமை மறுபடி ஊற்றுவார். ஆசிப்புக்கும் அது தெரியும். அவன் அருகில் போய், பாட்டிலை அந்தக் கையிலிருந்து மெதுவாக வாங்கினான்.

"அம்மா, எண்ணெய் பட்டா உள்ள இருக்க ரப்பர் ஊதிரும்மா. கிளட்ச் கெட்டது அதுலதான். பிரேக் போனதும் அதுலதான்." நிறுத்தி, மூச்சு வாங்கிச் சொன்னான். "நேத்து நான் அந்த ஆயில ஒரு தடவ மோந்து பாத்திருந்தாத் தெரிஞ்சிருக்கும். பாக்காம விட்டுட்டேன். இதுல எனக்கும் பங்கு இருக்கு."

அந்த அம்மா அவன் சொன்ன கடைசிப் பேச்சைக் கேட்டதாகவே தெரியவில்லை. மகனைப் பார்த்தார். மருமகளைப் பார்த்தார். வளைவுக்கு அப்பால் தெரிந்த மரங்களின் உச்சியைப் பார்த்தார். அப்புறம்தான் அவருக்குப் பயம் வந்தது. சாலையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"நானா?" என்றார். "நானா செஞ்சேன்?"

எஸ்தர் கையிலிருந்த கவுன்களைப் போட்டுவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்து அவரை அணைத்துக்கொண்டாள்.

"நீங்க பாட்டுக்கு ஏறிப் போயிர்றீங்க," என்று மருமகளின் தோளில் முகத்தை வைத்து அழுதுகொண்டே சொன்னார் பிலோமினாள். "வண்டி திரும்பி வார சத்தம் கேக்குற வரைக்கும் நான் வீட்ல உக்காந்திருக்கேன்ல. எனக்கு வேற என்னத்தச் செய்யத் தெரியும்?"

அவர் அழுததைவிட அந்தக் கேள்விதான் என்னை உலுக்கியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

பெட்டிகளை மேலே போகிற ஒரு வாழைப்பழ வண்டியில் ஏற்றி எஸ்தரோடு அனுப்பினோம். ஜீப்பைச் சங்கிலி போட்டுக் கீழே இறக்கி அவனியாபுரம் கொண்டுவந்தோம். ஆசிப் அதன் ஆயிலை முழுதாக வடித்து, குழாய் குழாயாகக் கழுவி, பிரேக்கிலும் கிளட்சிலும் இருந்த ரப்பர் அத்தனையையும் மாற்றினான். எல்லாம் என் கடை ரப்பர்.

அந்த எண்ணெய் பாட்டிலை பிலோமினாள் அம்மா திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. "உங்கிட்டயே இருக்கட்டும் பாய். எங்க ஊத்தக் கூடாதுன்னு உனக்குத்தான் தெரியுது," என்றார். அது ஆசிப்பின் பட்டறை அலமாரியில், கிரீஸ் டப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. மார்கழியில் உறைகிறது, தையில் உருகுகிறது.

அதற்குப் பிறகு ஆசிப்பின் சோதனையில் இரண்டு புது வேலைகள் சேர்ந்தன. எந்த வண்டி வந்தாலும் முதலில் ஆயில் டப்பாவைத் திறந்து மோந்து பார்ப்பான். அடுத்து வண்டிக்காரனிடம் ஒன்று கேட்பான்.

"உங்க வீட்ல இந்த வண்டியில நீங்க போறதுக்கு யாரு பயப்படுறாங்க?"

முதலில் எனக்குச் சிரிப்பாக இருந்தது. ஆனால் வருகிறவர்கள் யோசித்துவிட்டுச் சொல்லத்தான் செய்கிறார்கள். சம்சாரம் என்பார்கள், அம்மா என்பார்கள். ஒருத்தர் தன் மகள் என்றார். அவர்கள் வண்டியில் என்ன செய்வார்கள் என்று அடுத்த கேள்வி வரும். கயிறு கட்டுவாங்க, திருநீறு போடுவாங்க, எலுமிச்சம்பழம் வைப்பாங்க. எங்கே என்று கேட்டு, அந்த இடத்தைப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் படுப்பான்.

போன வாரம் உசிலம்பட்டிப் பக்கமிருந்து ஒரு இளைஞன் பழைய ஜீப் ஒன்றை உறுமவிட்டுக்கொண்டு வந்தான். ஆசிப் அதே கேள்வியைக் கேட்டான். அவன் சிரித்துவிட்டான்.

"எங்க வீட்ல யாரும் எதுக்கும் பயப்பட மாட்டாங்கண்ணே."

ஆசிப் கையில் இருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தான். இன்னொரு மரக்கட்டையை எடுத்துக்கொண்டு வந்தான்.

"அப்ப நாந்தான் பயப்படணும்," என்றான். "சாவியக் குடுத்துட்டு நாளைக்கு வா தம்பி."